கைதட்டல் வாங்கிய இரண்டு வார்த்தைகள்

தினேஷ்,

நீயும் அப்பாவும் குளிருக்குப் போட ஜாக்கெட் வாங்கத் தாம்பரம் போயிருக்கிறீர்கள். எனக்கு இன்று வார விடுமுறை. துணி துவைத்தாயிற்று, சாம்பார் இறக்கியாயிற்று, உன் பெட்டியை மட்டும் தொடவில்லை. தொட்டால் நான் அழுவேன் என்று நீயே தடை போட்டுவிட்டாய், அதனால் அது கூடத்தில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. உன்னிடம் நேரிலேயே பேசிவிடலாம் என்றுதான் சில நாட்களாகப் பார்க்கிறேன். நான் ஆரம்பித்ததும் "சரிம்மா, சரிம்மா" என்று செல்போனை எடுத்துக்கொள்கிறாய். எழுத்தில் என்றால் நடுவில் சரிம்மா போட முடியாது பார், அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பாடம் எடுக்கும் சுகந்தி மேடம் கல்லூரி மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி என்னைத் துளைத்துக்கொண்டிருக்கிறார். இதைத்தான் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. அந்த மழை நாளில் வகுப்பில் உன்னைப் பார்த்தவர்கள் எல்லாருக்கும் பாதிதான் தெரியும், மீதி என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். முதலில் நீ படி. வேண்டாம் என்று நீ சொன்னால் கிழித்துப் போட்டுவிட்டு, மழைக்காலத்தில் ஒரகடம் சாலையின் பள்ளங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்துவிடுகிறேன். அதற்கும் விஷயம் நிறைய இருக்கிறது.

நாற்பதைத் தாண்டிய பிறகு பி.ஏ. ஆங்கிலம் படிக்கப் போகிறேன் என்று நான் சொன்ன அன்று வீட்டில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். கம்பெனி பஸ் ஓட்டிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்த உன் அப்பா, கையை உதறிவிட்டு, "இன்னாத்துக்குடி? லைன்ல ஒயர் சொருவிக்கினே இங்கிலீசுல பாட்டு பாடப் போறியா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "படிக்கட்டும்பா. ஞாயித்துக்கிழமை நானே வண்டில இட்டுக்கினு போய் வுட்டுட்டு வரேன்" என்றாய். சொன்னபடியே செய்தாய். படப்பையிலிருந்து தண்டலம் வரை, கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் புகுந்து புறப்பட்டு, "இன்னிக்கு இன்னா பாடம்மா?" என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்துவாய். நானும் கத்தியே பாடம் சொல்வேன். பக்கத்தில் போகிறவர்கள் அம்மாவும் பிள்ளையும் நடுரோட்டில் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

எங்கள் வகுப்பை நீ பார்த்திருக்கிறாய், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடக்கும் வகுப்பு. வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்கள். சிலர் நைட் ஷிப்ட் முடித்து பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வருவார்கள், யூனிபார்மோடே பெஞ்சில் சாய்ந்துவிடுவார்கள். ஆங்கிலத்தில் வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் எல்லாருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதற்காக மேடம் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். தப்போ சரியோ, எழுந்து நின்று வாசித்தவளுக்கு வகுப்பே கைதட்ட வேண்டும். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு அந்தக் கைதட்டலுக்காகவே வாசிக்க ஆரம்பித்துவிட்டோம். வாரம் முழுக்க சூபர்வைசரிடம் திட்டு வாங்குகிற எங்களுக்கு அது பெரிய விஷயம். வாயில் நுழையாத பெயர் வந்தால் "அத்த வுட்டுட்டு மேல படி" என்று பக்கத்தில் இருப்பவள் கிசுகிசுப்பாள், அதையும் மேடம் கண்டுகொள்ள மாட்டார்.

இரண்டாம் வருடப் பாடத்தில்தான் அந்தப் புத்தகம் வந்தது. ஹிட்லரின் முகாமிலிருந்து உயிரோடு திரும்பிய ஒரு யூதப் பெண் தன் வாழ்க்கையைத் தானே எழுதியது. அதுவரை ஹிட்லர் என்றால் எனக்கு மீசைதான் தெரியும். யாராவது அதட்டி வேலை வாங்கினால் "பெரிய ஹிட்லரு" என்போமே, அதோடு சரி. இந்தப் புத்தகத்தில் ஹிட்லர் வரவேயில்லை. ஒரு சின்னப் பெண், அவள் அம்மா, ஒரு தங்கை, அவர்கள் வீட்டு மேஜை விரிப்பு, தங்கைக்குப் பிடிக்காத முட்டைக்கோஸ் என்றுதான் ஆரம்பிக்கிறது. முதலில் பூங்காவுக்குள் வரக்கூடாது என்கிறார்கள். பிறகு பள்ளிக்கூடத்துக்கு வரக்கூடாது. பிறகு கடையில் இன்ன நேரத்துக்குத்தான் வாங்கலாம். பக்கத்து வீட்டுக்காரி வணக்கம் சொல்வதை நிறுத்துகிறாள். இப்படியே பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டிருக்கும்.

முகாமுக்கு ரயிலேற்றுவதற்கு முன்பே அவர்களைப் பெயரை விட்டு எண்ணால் கூப்பிட்டது வரும் இடத்தில் எங்களுக்குள் ஒரு சண்டையே நடந்தது. தேவகி, நம் ஊர்க்காரிதான், கம்பெனியில் என்னோடு அதே லைனில் நின்று ஒயர் சொருகுபவள், "நம்மளயும்தான் டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்புட்றானுங்க. அங்க இன்னா, இங்க இன்னா, எல்லாம் ஒண்ணுதான்" என்றாள். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். அப்போது சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் முத்துச்செல்வி, வகுப்பிலேயே சின்னவள், எழுந்து, "அப்படிச் சொல்லாதீங்கக்கா. ஷிப்ட் முடிஞ்சா நமக்கு பஸ் வருதுல்லா? ஊருக்குப் போன் பண்ணுனா அம்மா எடுக்காள்லா?" என்றாள். தேவகியும் ரோஷக்காரிதான், ஆனாலும் அன்றைக்கு எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நம் கஷ்டம் நமக்குக் கஷ்டம்தான், அதற்காக எல்லாவற்றையும் ஒரே தராசில் போட்டுவிடக் கூடாது என்று எனக்கும் அன்றுதான் உறைத்தது.

அடுத்த ஞாயிறு அந்த மழை. என்னை விட்டுவிட்டு நீ திரும்பவே முடியாதபடி கொட்டியது. தொப்பலாக நனைந்து வராந்தாவில் நின்ற உன்னை மேடம் உள்ளே கூப்பிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார். அன்றைக்கு என் முறை. முகாமின் வாசலில் ரயில் வந்து நிற்கும் அத்தியாயம். புத்தகம் எழுதிய அந்த அம்மாள் ஆங்கிலத்தில் எழுதினாலும் காவலர்கள் கத்துவதை மட்டும் ஜெர்மன் மொழியிலேயே விட்டிருந்தார். நான் அந்த இடம் வந்ததும் வழக்கம்போல விட்டுவிட்டு மேலே போகப் பார்த்தேன். தேவகிக்குத்தான் பொறி தட்டியது. "மேடம், இவ புள்ள ஜெர்மன் படிக்கிறான் மேடம்! ஜெர்மனிக்கே வேலைக்குப் போவப் போறான்!" என்று கத்தினாள். வகுப்பே திரும்பி உன்னைப் பார்த்தது. உன் முகம் சிவந்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, அதை மறைக்க வேண்டாம். பாலிடெக்னிக் முடித்து, கம்பெனியில் அப்ரெண்டிஸாக ஷிப்ட் பார்த்துக்கொண்டே, தாம்பரத்துக்கு ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போய் நீ படித்த மொழி. அதை நான் ஒரு நாளும் முழுசாகக் கேட்டதில்லை. புத்தகத்தை உன் கையில் கொடுத்து விரலால் இடத்தைக் காட்டினேன்.

நீ எழுந்து நின்றாய். நெஞ்சை நிமிர்த்தி, உன் வாத்தியார் சொல்லிக் கொடுத்தபடி அழுத்தந்திருத்தமாக, "ரவுஸ்! ஷ்னெல்!" என்றாய். கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது. நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். நான் தட்டினேன், தேவகி விசிலே அடித்தாள், முத்துச்செல்வி "ஏ யப்பா, தம்பி என்னமா வாசிக்கான்!" என்று வியந்து போனாள். நீயும் சிரித்தாய். மேடம் மட்டும் கைதட்டவில்லை. அவர் நிறுத்தச் சொல்வதற்கும் அவகாசமில்லை, எங்கள் கைக்கு வாசித்தால் தட்ட வேண்டும் என்று பழகிவிட்டது. சத்தம் ஓய்ந்த பிறகு, அவர் மெதுவாக, "வெளியே, சீக்கிரம்னு அர்த்தம். இப்ப அந்தப் பத்தியைத் தமிழ்ல சொல்றேன், எல்லாரும் கேளுங்க" என்றார். சரக்கு ரயில் பெட்டியின் கதவு திறக்கிறது. அந்த இரண்டு வார்த்தைகள். உள்ளே நசுங்கிக் கிடந்தவர்கள் கீழே விழுகிறார்கள். தங்கையின் ஒரு செருப்பு உள்ளேயே நின்றுவிடுகிறது, அவள் எடுக்கத் திரும்புகிறாள். மறுபடி அந்த இரண்டு வார்த்தைகள். அம்மாவும் அக்காவும் ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம். அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தில் தங்கை இல்லை.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. தட்டிய கைகளை எங்கே வைப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. நீ புத்தகத்தை என் மேஜையில் வைத்துவிட்டு மழையிலேயே வெளியே போய்விட்டாய். திரும்பி வரும்போது வண்டியில் நீ எதுவும் கத்திக் கேட்கவில்லை. நானும் உன் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்த வாரம் நீ தாம்பரம் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. "பரிச்ச எழுதல, ஜெர்மனியும் வேணாம். இங்கயே பர்மனென்ட் ஆக்கறாங்களாம்" என்று தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். உன் அப்பா என்னைத் தனியே கூப்பிட்டு, "இன்னாடி ஆச்சு அவனுக்கு? மூஞ்சியே சரியில்லாம கீது. நீ படிக்கப் போன, அவன் படிப்ப வுட்டுட்டான்" என்றார். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷமாக இருந்தது. உள்ளுக்குள் குதித்தேன். நீ ஜெர்மனி என்று பேச ஆரம்பித்த நாளிலிருந்து சிரித்த முகமாக "போய்ட்டு வா ராஜா" என்று சொல்லிக்கொண்டு, பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதவள் நான். ஒற்றைப் பிள்ளை. இனி எங்கேயும் போக மாட்டான் என்று தெரிந்ததும் தினமும் உனக்குப் பிடித்ததாகப் பார்த்துப் பார்த்துச் சமைத்தேன். நீ எதையும் ருசித்துச் சாப்பிடவில்லை.

பிறகு ஒரு காலையில், ஷிப்ட் முடித்து வந்து தோசைக்காகக் காத்திருக்கும்போது, நீயாகவே சொன்னாய். "அம்மா, நம்ம தெருவுல அன்னிக்குக் கத்துனனே, அதேதாம்மா அது. அதே ரெண்டு வார்த்தை." எனக்கு உடனே பிடிபடவில்லை. நீ பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தபோது எதிர் மாடி வீட்டு அறையில் பீகார் பையன்கள் குடியிருந்தார்களே, அவர்களைச் சொன்னாய். சாயந்திரம் ஆனால் அவர்களோடுதான் நீ கிரிக்கெட் ஆடுவாய், இந்தி பேசக் கற்றுக்கொண்டதே அவர்களிடம்தான். அந்த வீட்டுக்காரரின் செல்போன் காணவில்லை என்றதும் தெருவே அந்த அறையின் வாசலில் கூடிவிட்டது. நானும் அப்பாவும் வேலையில் இருந்தோம். "தினேஷுக்கு இந்தி தெரியும், அவனக் கூப்பிடு" என்று யாரோ சொல்லி, உன்னை முன்னால் தள்ளி, வெளியே வரச் சொல்லுடா என்றார்கள். நீ கதவைத் தட்டி, "பாஹர் நிக்லோ, ஜல்தி!", வெளியே வாங்க, சீக்கிரம் என்று இந்தியில் கத்தினாய். அவர்கள் உன் குரல் என்றதும் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார்களாம். அதற்கப்புறம் நடந்ததை உன்னால் சொல்ல முடியவில்லை. தெருவில் வரிசையாக நிற்க வைத்து மூட்டையைப் பிரித்துக் கொட்டினார்கள் என்று எனக்கு முன்பே தெரியும். போன் வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் டிக்கியிலேயே இருந்ததும் தெரியும். அன்று சாயந்திரம் பக்கத்து வீட்டில் "உம் புள்ள இன்னாமா இந்தி பேசுது!" என்று மெச்சியதும், நான் அதற்குச் சிரித்ததும்கூட நினைவிருக்கிறது.

"யார் இன்னா கத்தச் சொன்னாலும் கத்திட்றேன்மா. எனக்கு எதுக்கு இன்னொரு பாஷை?" என்றாய். தோசை கருகியது. நான் அதைச் சுரண்டிக்கொண்டே நின்றேன்.

நீ வீட்டில்தான் இருந்தாய், ஆனால் வாயில்லாமல் இருந்தாய். என்ன பேச்சு பேசுகிற பிள்ளை நீ! பானிபூரிக்காரனிடம் இந்தி, டீக்கடையில் ஆந்திரா லாரிக்காரர்களிடம் தெலுங்கு, முத்துச்செல்வியைப் பார்த்தால் "வாங்க, இருங்க, சாப்டீயளா" என்று அவள் ஊர்ப் பேச்சு. யாரைப் பார்த்தாலும் அவர்கள் பேச்சிலேயே அவர்களைச் சிரிக்க வைத்துவிடுவாய். அதெல்லாம் நின்றுபோயிற்று. கேட்டதற்குப் பதில், சாப்பாடு, தூக்கம், ஷிப்ட். பிள்ளை கூடவே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவளுக்குப் பிள்ளையின் உடம்பு மட்டும் மிஞ்சியது.

அந்த நாட்களில்தான் நான் புத்தகத்தின் கடைசிப் பகுதிக்கு வந்தேன். வகுப்பில் இன்னும் அங்கே வரவில்லை, நானாகத்தான் முந்திக்கொண்டு அகராதியோடு மல்லுக்கட்டிப் படித்தேன். அங்கே ஒரு விஷயம் இருந்தது. ஜெர்மன் அந்த அம்மாளின் தாய்மொழி. வீட்டில் அவர்கள் பேசியதே அதுதான். அவரைக் கொல்லப் பார்த்தவர்கள் கத்தியதும், அவர் அம்மா கொஞ்சியதும் ஒரே மொழியில். முகாமில் தன் பங்கு ரொட்டியை அம்மா மகளுக்கு ஊட்டியது அந்த மொழியில்தான். உயிர் பிழைத்து வேறு தேசத்துக்குப் போன பிறகு அவர் பல வருடங்கள் அதில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. காதில் விழுந்தால் கடையை விட்டு வெளியேறிவிடுவாராம். பிறகு ஒரு நாள் தன் குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது, அவரை அறியாமல் வாயிலிருந்து அம்மா சொன்ன அதே வார்த்தைகள் வந்துவிடுகின்றன. காவலர்களைத் துரத்துவதாக நினைத்துக்கொண்டு இத்தனை வருடமாகத் தன் அம்மாவையும் சேர்த்து வெளியே நிறுத்தியிருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்குப் புரிகிறது. அன்றிலிருந்து தன் பிள்ளையோடு அந்த மொழியில் பேச ஆரம்பிக்கிறார்.

படித்து முடித்ததும் புத்தகத்தை மூடி அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். இதை உனக்குக் காட்டினால் நீ கிளம்பிவிடுவாய் என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. காட்டாவிட்டால் நீ என்னோடு இருப்பாய். யாருக்கும் தெரியப் போவதில்லை. சில நாட்கள் அப்படியே விட்டேன். வேலையில் கை ஓடவில்லை, ஒயரை மாற்றிச் சொருகிவிட்டு சூபர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தால் எதிரில் நீ பேசாமல் உட்கார்ந்திருப்பாய். முகாமில் அந்த அம்மாளின் அம்மா தன் பங்கு ரொட்டியைப் பிள்ளைக்குக் கொடுத்தாள். நான் என்னடா என்றால் பிள்ளைக்குச் சேர வேண்டியதை ஒளித்து வைத்துக்கொண்டு அவனுக்கு மீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். என்மேல் எனக்கே கோபம் வந்தது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உன் எதிரில் வந்து உட்கார்ந்தேன். "டேய், நாளைக்கு என் முறைடா. இத எப்படிப் படிக்கிறதுன்னு சொல்லு" என்று ஒரு சாக்குச் சொல்லி, கடைசிப் பகுதியில் இருந்த அந்த ஜெர்மன் வரியைக் காட்டினேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். சரி, நானே படிக்கிறேன் என்று ஆரம்பித்தேன். "கோம் மெயின் கிண்டு..." உனக்குத் தாங்கவில்லை. "கிண்டு இல்லம்மா, கிண்ட். கொம், மைன் கிண்ட், இஸ் எட்வாஸ்." நான் திரும்பச் சொன்னேன், இன்னும் மோசமாக. உப்புமா கிண்டுவது போல இருக்கிறது என்று நானே சொல்லி நானே சிரித்தேன். நீயும் சிரித்துவிட்டாய். எத்தனை நாள் கழித்துக் கேட்ட சிரிப்பு! சிரித்து முடித்து, "வா கண்ணு, கொஞ்சம் சாப்பிடுன்னு அர்த்தம். யாரும்மா சொல்றா இத?" என்று கேட்டாய். "அவங்க அம்மா" என்றேன். "எங்க?" என்றாய். "அந்த முகாம்லதான்" என்றேன். நீ புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாய். நான் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டேன். நீ அன்று சாயந்திரம் வரை கூடத்தை விட்டு எழவில்லை. திங்கட்கிழமை ஷேர் ஆட்டோவில் தாம்பரம் போனாய். ஆட்டோ திரும்பும் வரை வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து அழுதேன். குழாயைக்கூடத் திறந்துவிடவில்லை, கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும் என்று அழுதேன்.

பிறகு பரீட்சை எழுதி விசாவும் வாங்கிவிட்டாய். இதுவரை உனக்குத் தெரிந்ததுதான், அந்த அரிசி டப்பாவும் என் அழுகையும் தவிர. இனி தெரியாதது. போன மாதம் எங்கள் பிளான்ட்டுக்கு ஒரு பையன் போர்க்லிப்ட் ஓட்ட வந்தான். கேன்டீனில் என்னை உற்று உற்றுப் பார்த்துவிட்டு, தட்டோடு வந்து, "ஆன்ட்டி, தினேஷ் மம்மி?" என்றான். ராகேஷ். எதிர் மாடி அறையில் இருந்தவர்களில் ஒருவன். அவன் என்ன கேட்கப் போகிறானோ என்று பயந்தேன். அவன் அரைகுறைத் தமிழில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நாங்க ரூம் காலி பண்ணி ஒரகடம் போச்சு. குக்கர் அங்கயே வுட்டாச்சு. தினேஷ் குக்கர் தூக்கிட்டு வந்தான். வாசல்ல நின்னான், உள்ள வரல்ல. எப்பவும் நல்லா இந்தி பேசுவான்ல? அன்னிக்கு ஒரு வார்த்த வரல்ல. அழுதான். நாங்கதான் கைய புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போய் சாப்பாடு குடுத்தது." சொல்லிவிட்டு, நீ ஜெர்மனி போவதைக் கேட்டு, "அச்சா ஹை ஆன்ட்டி", நல்ல சேதி என்று அவ்வளவு சந்தோஷப்பட்டான். அவன் நம்பர் இந்தத் தாளின் பின்னால் எழுதியிருக்கிறேன். மலருக்குக் கொடுக்கும்போது அதைக் கொடுக்க மாட்டேன், பயப்படாதே. கிளம்புவதற்கு முன்னால் அவனிடம் பேசு.

அந்தக் குக்கரைப் பற்றி நீ எங்களிடம் மூச்சுவிடவில்லை. உன்னைப் பற்றி நீ நினைத்துக்கொண்டிருப்பது பாதிதான் சரி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கதவைத் தட்டிக் கத்தியதும் நீதான், அதை இல்லை என்று நான் மழுப்ப மாட்டேன். அவர்கள் பட்ட அவமானத்தை நம்மால் திருப்பி எடுக்க முடியாது. ஆனால் தெருவில் அத்தனை பெரியவர்கள் இருந்தும் அந்தப் பையன்களின் வாசலுக்குப் போனது நீ ஒருவன்தான். இரண்டையும் எடுத்துக்கொண்டு போ. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் ஒன்று திமிர் வரும், இல்லையென்றால் வாய் அடைத்துப் போகும்.

அங்கே நீதான் வெளியூர்க்காரன். நல்லவர்களும் இருப்பார்கள், முகத்தைச் சுளிப்பவர்களும் இருப்பார்கள், படப்பையில் இருப்பது போலத்தான். யாராவது உன்னை அதட்டினால் அந்த ஊரே அப்படி என்று முடிவு கட்டிவிடாதே, வாடகைக்கு வீடு கொடுக்க மாட்டேன் என்று சொன்னால் நாமும் நம் தெருவில் எத்தனை பேருக்கு அப்படிச் சொன்னோம் என்று நினைத்துப் பார். மற்றவர்கள் பேச்சைப் பிடித்துக்கொள்வது உனக்கு வந்த வரம். அதனாலேயே எந்தக் கூட்டத்திலும் உன்னைத்தான் முன்னால் தள்ளுவார்கள். இதை எடுத்துச் சொல்லு, அவனை வெளியே வரச் சொல்லு, நம்ம சார்பா நீ பேசு என்பார்கள். யார் உன் குரலை இரவல் கேட்டாலும், எதற்கு என்று தெரிந்துகொண்டு கொடு. கதவுக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கொடு. கைதட்டுகிறவர்களை நம்பாதே. நாங்கள் எல்லாரும் நல்லவர்கள்தான், உன்மேல் உயிரையே வைத்திருக்கிறவர்கள்தான், அன்றைக்கு நாங்களும்தான் தட்டினோம்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்கிறது. அப்பா ஜாக்கெட் விலையைப் பற்றிப் புலம்பிக்கொண்டே வருகிறார். முடித்துவிடுகிறேன். போக வேண்டாம் என்று ஒரு முறையாவது உன்னிடம் வாய்விட்டுச் சொல்ல ஆசைப்பட்டேன், சொல்லவில்லை, இனியும் சொல்லப் போவதில்லை. போய் நன்றாக இரு. ஞாயிற்றுக்கிழமை தோறும் வகுப்பு விடும் நேரத்துக்கு எனக்குப் போன் பண்ணு. என்ன விஷயம் என்று நீ கேட்பாய், விஷயம் ஒன்றும் இருக்காது. நான் மட்டும் உன் குரலை இரவல் கேட்டால், எதற்கு என்று கேட்காமல் கொடுத்துவிடுடா கண்ணு.

அம்மா